இங்கே எதுவும் சும்மா இல்லை

மழலையர் பள்ளியின் ஆயாவை மூன்று காய்ந்த இலைக்கு விற்றது ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி இடைவேளையில். விற்றவள் நான்கு வயதுக்காரி; வாங்கியவன் மருந்துக்கடைக்காரரின் மூன்றரை வயது மகன். ஐந்து இலையில் தொடங்கிய பேரம் மூன்றில் படிந்தது. அன்று சாயங்காலம் ஆயா தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு பையனின் பின்னாலேயே மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். அவள் கணவன் வந்து கெஞ்சிக் கூத்தாடிப் பார்த்தான். "வித்தாச்சுங்க, என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றாள், தலை நிமிராமல். ஊரில் இரண்டு நாள் இதே பேச்சாக இருந்தது. மூன்று இலை ரொம்பக் குறைவு என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

இதெல்லாம் பெரிய மிஸ் ஒரு சொல்லைத் தடை செய்ததால் வந்தது. பள்ளியை நடத்தியவள் அவள்தான். கணவர் இறந்த பிறகு, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஆரம்பித்தாள். முதல் வருடம் மணல் தொட்டி, மரக்கட்டைகள், பழைய சட்டைகள் போட்ட ஒரு பெட்டி என்று எல்லாம் இருந்தன. பிள்ளைகள் மாலையில் வீட்டுக்குப் போவார்கள். இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்டால், "சும்மா வெளையாடினோம்" என்பார்கள். சும்மா இருக்கவா பள்ளிக்கூடம் என்று ஒரு தகப்பன் குறிப்பேட்டில் எழுதி அனுப்பினான். அந்தக் கேள்வி பெரிய மிஸ்ஸைச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே மணல் தொட்டியில் சிமெண்ட் ஊற்றினாள், சட்டைப் பெட்டியை எரித்தாள். வாசலில் 'இங்கே எதுவும் சும்மா இல்லை' என்று பலகை மாட்டினாள். அந்தச் சொல்லை வாயில் எடுத்த பிள்ளையின் நாக்கில் ஒரு சாக்பீஸ் துண்டு வைக்கப்படும். அது கரையும்வரை வாயை மூடக் கூடாது. நாலு வயது நாக்குக்கு அரைமணி நேரம் ஆகும்.

அப்போது ஆயா ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். "பிள்ளைங்க 'சும்மா'ன்னு சொல்லித்தான் மிஸ் ஆட்டத்துக்குள்ள போகும். அதைச் சொல்லித்தான் வெளியவும் வரும். அதைப் பிடுங்கிட்டா எப்படித் திரும்பி வரும்?" பெரிய மிஸ் அவளைப் போய்க் கழிவறையைக் கழுவச் சொன்னாள். உலகத்திலேயே கடினமான வேலை ஒரு பெரிய மனுஷிக்குப் புத்தி சொல்வதுதான்.

விளையாடாதே என்று சொன்னால் பிள்ளைகள் விளையாடாமல் இருந்துவிடுவார்களா? மாடிப்படிக்கு அடியில், பெஞ்சுக்குப் பின்னால், கிடைத்த இடத்தில் விளையாடினார்கள். அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை. அதனால் எல்லாம் நிஜமாயிற்று. மண்ணில் சோறாக்கித் தின்றவளுக்கு இரண்டு நாள் பசிக்கவில்லை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஓட்டிய பதினொரு பேர் ஒரு மணி நேரம் காணாமல் போய், தலையெல்லாம் புழுதியோடு, கையில் டிக்கெட்டோடு வந்து சேர்ந்தார்கள். பென்சிலால் ஊசி குத்தப்பட்டவனுக்கு அந்த வருடம் காய்ச்சலே வரவில்லை. பெற்றோர்களுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மிஸ் இதற்குச் செய்முறைக் கல்வி என்று பெயர் வைத்துத் துண்டறிக்கை அடித்தாள். சேர்க்கை இரண்டு மடங்கானது. திருடனாக இருந்தவனைப் போலீசாக இருந்தவன் அலமாரிக்குள் மூன்று வாரம் அடைத்தான். அந்த அலமாரிக்குப் பூட்டே கிடையாது, ஆனாலும் கொல்லனால்கூட அதைத் திறக்க முடியவில்லை. இடுக்கு வழியே பாலும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். வெளியே வந்த பிறகு அந்தப் பையன் யாரோடும் பேசுவதில்லை. வகுப்பில் அமைதி கூடியிருக்கிறது என்று பெரிய மிஸ் அவன் மதிப்பெண் அட்டையில் எழுதினாள்.

அவளுக்கு ஒரே மகள், பொம்மி. நாலு வயது. தன் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்பதற்காக மற்றவர்களுக்கு ஒரு சாக்பீஸ் என்றால் பொம்மிக்கு இரண்டு. பள்ளிக்குள் அம்மா என்று கூப்பிடவும் கூடாது, மிஸ்தான். அவளுக்கு மகள் மேல் உயிர். மகள் தூங்கிய பிறகு அவள் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது மகளுக்குத் தெரியாது. தூங்குகிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஆயா விற்கப்பட்ட மறுவாரம், மாடிப்படிக்கு அடியில் தையல்காரர் மகள் ஆட்டத்துக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாலரை வயது. பெரிய மிஸ் கையில் நோட்டுக்கட்டோடு அந்த வழியாக வந்தாள். "நாந்தான் அம்மா. நீ எம் பாப்பா" என்றாள் தையல்காரர் மகள். "நெஜமாவா?" என்று கேட்டாள் பொம்மி. தையல்காரர் மகள் பெரிய மிஸ்ஸைப் பார்த்தாள், அவள் விரலில் இருந்த சாக்பீஸைப் பார்த்தாள். "நெஜமாத்தான்" என்றாள். பிள்ளைகள் ஒருவழியாகத் திருந்திவிட்டார்கள் என்று பெரிய மிஸ்ஸுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "வெரி குட்" என்று சொல்லி, இருவர் கையிலும் சிவப்பு மையால் ஒரு டிக் போட்டுவிட்டுப் போனாள்.

நாலு மணிக்குப் பொம்மி தன் பையை மாட்டிக்கொண்டு தையல்காரர் மகளின் கையைப் பிடித்து வாசலைத் தாண்டினாள். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, "எங்க அம்மாகூட வீட்டுக்கு. வரேன் மிஸ்" என்றாள், மரியாதையாக. பெரிய மிஸ் பின்னாலேயே ஓடினாள். தையல்காரர் பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். "நான் என்னங்க மிஸ் பண்றது? பேத்தியை எம் மக மடியில போட்டுத் தட்டினாத்தான் தூங்குது" என்று ஊசியை வாயில் கவ்விக்கொண்டே சொன்னார். பெரிய மிஸ் பிள்ளையைத் தரதரவென்று இழுத்துவந்தாள். பொம்மி மூன்று நாள் அம்மா அம்மா என்று அழுதாள். பெற்றவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. நாலாம் நாள் பெரிய மிஸ்ஸே தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். பதிவு அலுவலகத்தில் பழைய பிறப்புப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார்கள். தாய் என்ற கட்டத்தில் தையல்காரர் மகளின் பெயர், பழுப்பேறிய மையில், வயது நாலரை என்று இருந்தது. எழுத்தர் முத்திரையைச் சரிபார்த்துவிட்டு எல்லாம் முறையாக இருக்கிறது என்றார்.

பெரிய மிஸ் பலகையைக் கழற்றி உடைத்தாள். நாற்பத்திரண்டு பிள்ளைகளையும் கூடத்தில் உட்கார வைத்து, சும்மா என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டாள். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். கரும்பலகையில் எழுதிப் போட்டாள், கோரஸாகப் படிக்க வைத்தாள், நூறு தடவை எழுத வைத்தாள். உச்சரிப்பு கணீரென்று இருந்தது, எழுத்து முத்து முத்தாக இருந்தது. தையல்காரர் மகள் பிழையே இல்லாமல் ஒப்பித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சொல் பாடமாகிவிட்டிருந்தது. கடைசியில், தண்டனை எல்லாம் முடிந்தது என்று காட்டுவதற்காக, அவள் ஒரு சாக்பீஸை எடுத்துத் தன் நாக்கிலேயே வைத்துக்கொண்டாள். இது புது விதி என்று நினைத்து நாற்பத்திரண்டு பிள்ளைகளும் வாயைத் திறந்து நாக்கை நீட்டினார்கள். பொம்மி முதல் வரிசையில் இருந்தாள்.

மறுநாள் பெரிய மிஸ் மாடிப்படிக்கு அடியில் குனிந்து நுழைந்து, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தையல்காரர் மகளிடம் கேட்டாள். அந்தச் சிறுமி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அம்மா இருக்கிறாள், பாப்பா இருக்கிறாள், டாக்டர், போலீஸ், கடைக்காரர் எல்லாம் ஆகிவிட்டது. ஆட்டம் தெரியாத சின்னப் பிள்ளைகள் அடம் பிடித்தால் சேர்த்துக்கொள்ள ஓர் இடம் எப்போதும் உண்டு. அந்தப் பிள்ளையை யாரும் தொடமாட்டார்கள், அது அவுட்டும் ஆகாது, கணக்கிலும் வராது. "ஒப்புக்குச் சப்பாணியா வேணா இருங்க மிஸ்" என்றாள்.

"நெஜமாவா?" என்று கேட்டாள் பெரிய மிஸ். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது. ஆனால் பழக்கம் யாரை விட்டது?

"நெஜமாத்தான்."

அன்று மாலை எழப் பார்த்தாள், கால்கள் எழவில்லை. ஒரு சக்கர நாற்காலியை வரவழைத்து மாடிப்படிக்கு அடியிலேயே உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு யாரும் அவளைத் தொடவில்லை. மருத்துவர்கள் வந்து நாற்காலியைத்தான் பரிசோதித்துவிட்டுப் போனார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் அந்த வீட்டில் ஆளில்லை என்று அவள் முன்னாலேயே எழுதிக்கொண்டார். பள்ளி கைமாறியது, புதியவர்கள் சிமெண்டை உடைத்து மணல் கொட்டினார்கள். மாடிப்படிக்கு அடியில் இருந்த நாற்காலியை அப்படியே விட்டுவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் கழித்துப் பொம்மிக்குக் கல்யாணம் நடந்தது. தன்னைவிட ஆறு மாதம் மூத்த தாய் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சக்கர நாற்காலியில் இருந்தவளும் தானே உருட்டிக்கொண்டு வந்து குடும்பப் படத்தில் சேர்ந்துகொண்டாள். படத்தில் காலி நாற்காலி மட்டும் பதிவாகியிருக்கிறது.

பிறகு பொம்மி தன் மகளை அதே பள்ளியில் சேர்க்க வந்தாள். குழந்தை மாடிப்படிக்கு அடியில் எட்டிப் பார்த்து, அது யார் என்று கேட்டது. நாற்காலியில் இருந்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பொம்மி குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டே, "அவங்க சும்மா" என்றாள்.

அந்தச் சொல்லை அப்படிச் சொல்ல அவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. குழந்தை சரி என்று தலையாட்டிவிட்டு மணலுக்கு ஓடியது.