வடக்கத்திக் கொள்ளு ரசம்

குதிரை தின்பதைத் தின்கிற குடும்பத்துக்குள் நோய் என்கிற சமாசாரமே நுழையாது. திருத்தணி ரயிலடியில் ஜட்கா ஓட்டும் பங்காரு கண்டறிந்த உண்மை இது. குதிரைக்குக் கொள்ளு வேகவைத்து, வடித்த தண்ணீரில் புளியும் மிளகும் போட்டு ரசம் வைப்பது ஜட்காக்காரர் வீடுகளில் உள்ள வழக்கம்தான். பங்காரு அதைச் சித்தாந்தமாகவே உயர்த்தியிருந்தான். அவன் வண்டியில் ஏறினவர்கள் முருகன் பெருமைக்கு முன்னால் ரசத்தின் பெருமையைக் கேட்டாக வேண்டும்.

உலகச் சண்டை முற்றிச் சாமானுக்கெல்லாம் பஞ்சம் வந்த வருஷம், கொள்ளும் மறைந்துபோயிற்று. கடைத்தெரு வியாபாரி ஒருவர் வடக்கேயிருந்து கூட்ஸ் வண்டியில் வந்த வேறொரு தானியத்தை விற்றார். சாம்பல் நிறம், ஒவ்வொன்றும் கோடாலி முனைபோல ஒரு பக்கம் சப்பை. பெயர் அவருக்கே தெரியாது. 'வடக்கத்திக் கொள்ளு' என்று அவரே வைத்துவிட்டார். பங்காருவும், பக்கத்து வீட்டிலிருந்த அவன் மச்சான் வேதாசலமும் அதை மூட்டையாக வாங்கி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வேதாசலமும் ஜட்காக்காரன்தான்.

குதிரைகள் ஆட்சேபிக்கவில்லை. வேதாசலத்தின் பெண்சாதி பூவம்மாள் மட்டும், மண்வாடை அடிக்கிறது என்று வடித்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள்.

"இன்னா மச்சான், உம் பொண்டாட்டி சாக்கடைக்கு விருந்து வெக்கிறா? கொசுவுக்குக் காலு பலமாவட்டும்னா?"

"போ பாவா, உன் ரசத்த நீயே குடி."

குடித்தது பங்காரு அல்ல. அவனுக்குச் சாப்பாடு ரயிலடிக் கிளப்பில். புகழ்ந்தது அவன், வேளை தவறாமல் குடித்தது தாயில்லாத மகள் அம்மு. ரேஷன் அரிசி அரை வயிற்றுக்குத்தான் வந்தது. மீதியை ரசத்தால் நிரப்பிக்கொண்டு, தினமும் பூ விற்கக் கூடையோடு மலையேறினாள்.

தை மாதம் ஒரு நாள், "காலு வெறச்சிக்கினு வருது நைனா. படியில தூக்கி வெக்க முடில" என்றாள்.

"ரெண்டு வாய் சேத்துக் குடி. குதிரையப் பாரு, எப்பிடி எகிறுது!"

சேர்த்துக் குடித்தாள்.

மாசி கழிவதற்குள் அவள் குதிகால் தரையில் படவில்லை. நுனிக்காலில், முழங்கால்கள் ஒன்றோடொன்று உரச நடந்தாள். கூடை சரிந்து சாமந்தியெல்லாம் படியில் உருண்ட அன்று, யாரோ நாலு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார். "வடக்கே ஒரு பருப்பைத் தின்னு ஊர் ஊரா இப்படி ஆயிருக்காங்க. நீங்க என்ன சாப்பிடறீங்க?"

பங்காரு சொன்னான்.

"நிறுத்திடுங்க."

"நிறுத்தினா நேராயிடுங்களா?"

"இதுக்கு மேல மோசமாகாது."



"தப்பா சொல்றீங்க டாக்டரய்யா. அதே தீனியதான் குதிரையும் துன்னுது. வண்டியில வந்து குந்திப் பாருங்க, பறக்குது!"

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பங்காரு ஜெயித்துவிட்டான். மகளை வண்டியில் கிடத்தி, பறக்கிற குதிரையை ஓட்டிக்கொண்டு தெருமுனை திரும்புகிறவரை அந்த ஜெயம் அவனிடம் இருந்தது.

தெருவில் பூவம்மாள் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடங்களோடு விடுவிடுவென்று போய்க்கொண்டிருந்தாள். அதே மூட்டை. அதே கிணறு. அவள் வீட்டுக் குதிரையும் பறக்கிறது. அவள் வீட்டில் கால் மடங்கினவர் யாருமில்லை. இரண்டு வீட்டிலும் தானியத்தைக் குதிரை தின்றது. தானியத்திலிருந்து இறங்கின தண்ணீரை அங்கே சாக்கடை குடித்தது, இங்கே அம்மு குடித்தாள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். மகளைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே கிடத்தினான்.

"இன்னிக்கு ரசம் நீ வெக்கிறியா நைனா?" என்று கேட்டாள்.

அவன் அடுப்பை ஊதினான். குதிரைக்கு வேறு தீனி ஊரில் கிடையாது. அதைத்தான் வேகவைத்தான். மகளுக்கு உப்புப் போட்ட கஞ்சி. கொள்ளுப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், சாக்கடை ஓரம் குந்தி, ஒரு சொட்டு விடாமல் வடித்தான்.

வண்டிச் சக்கரம் கழுவிக்கொண்டிருந்த வேதாசலம் நிமிர்ந்து பார்த்தான். கொசுவைப் பற்றி ஏதாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"ஈ வுழுந்துட்ச்சி மச்சான்" என்றான் பங்காரு.

"ஆங்" என்றான் வேதாசலம்.