எகர்ட்டனின் கடைசிக் கட்டை

அன்று மாலை மிஸ் இசில்டாவின் ரம் கடையில் இருந்தவர்கள்: கடைக்கார அம்மாள் மிஸ் இசில்டா. டோமினோ மேசையில் பஸ் ஓட்டும் எகர்ட்டன், எதிரே அவன் கூட்டாளி லின்வல். இவர்களிடம் தோற்றுக்கொண்டிருந்த இரண்டு பேர். வாசலோரம் நான், காவலாளிச் சீருடையில்.

லின்வலின் ட்ரம்பெட்டும் பெட்டிக்குள் இருந்தது. சனிக்கிழமை அதை அவன் கடற்கரை ஹோட்டலில் ஊத வேண்டும். மாதக்கணக்கில் கெஞ்சி வாங்கிய வாய்ப்பு.

தொடர்ந்து ஆறு ஆட்டம் வென்றால் எதிராளியின் மானம் போகும். அந்த ஆறாவது ஆட்டத்தின் கடைசி டோமினோக் கட்டையை எகர்ட்டன் தலைக்கு மேல் தூக்கி மேசையில் அறைந்தான். மேசையில் கிடந்த இன்னொரு கட்டை எகிறி லின்வலின் வாயில் பட்டது. முன்பல் ஒன்று தரையில் விழுந்தது. தோற்ற இருவரும் சந்தடியில் நழுவிவிட்டார்கள்.

மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். கிங்ஸ்டனில் இரண்டு வருடம் சட்டம் படித்துப் பாதியில் விட்டேன். அந்தக் குற்றத்துக்காக இந்த ஊர் என்னை லாயர் என்று கூப்பிடுகிறது.

"லாயரு, இதுக்கு யாரு பொறுப்பு?" லின்வல் வாயில் துண்டை அழுத்தியபடி கேட்டான். "பல்லு இல்லாம ஊதினா காத்துதான் வரும். யாராவது நாளைக்கே கட்டித் தரணும்."

"எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு."

"ரெண்டு வருஷம் படிச்சதை ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போடா" என்றார் மிஸ் இசில்டா.

"வேணும்னே அடிச்சா ஒரு வகை. கவனமில்லாம அடிச்சா இன்னொரு வகை. இது ரெண்டாவது. எகர்ட்டன், மாட்டினது நீ."

"நானா? மெதுவா வைக்க இது என்ன சர்ச்சா? மேசைக்கால் ஆடுது. கடைக்காரங்களைக் கேளு."

குனிந்து காலை அசைத்துப் பார்த்தேன். ஆடவில்லை.

"ஆடுறது உன் மூளைடா" என்றார் மிஸ் இசில்டா.

"சரி, தப்பே பண்ணாதவங்க மாட்டுறது உண்டா?" என்று எகர்ட்டன் என்னிடம் கேட்டான்.

எரிச்சலாக இருந்தது. "உண்டு. வீட்ல புலி வளர்த்தா. எவ்வளவு பத்திரமா அடைச்சு வெச்சாலும், அது கடிச்சா வளர்த்தவன்தான் பொறுப்பு."

"அப்ப நான்தான் புலி!" என்று எகர்ட்டன் குதித்தான். "என்னை வளர்க்கிறது மிஸ் இசில்டா. தினம் ரம்மு, பொரிச்ச மீனு, எல்லாம் ஓசி. எதுக்காம்? ரோடு தாண்டிக் கேக்கிற மாதிரி கட்டையை அடி, சத்தம் கேட்டாத்தான் ஆளு வரும்னு. இன்னைக்கும் சொன்னீங்களா இல்லையா?"

மிஸ் இசில்டா ஏற்கெனவே துடைத்த கிளாஸை மறுபடி துடைத்தார்.

அப்போதே நான் கிளம்பியிருக்கலாம். "அது புலி இல்ல, வேலைக்காரன். வேலை செய்யும்போது அவன் பண்ற தப்புக்கு முதலாளியும் பதில் சொல்லணும். ஆனா ஓசி மீனு தின்னவன் வேலைக்காரனான்னு கோர்ட்டு வருஷக்கணக்கா யோசிக்கும்."

"எனக்கு சனிக்கிழமை வரைக்கும்தான்டா நேரம்!" என்று லின்வல் கத்தினான். துண்டு முழுக்க ரத்தம்.

மிஸ் இசில்டா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிளாஸைக் கவிழ்த்து வைத்தார்.

"எகர்ட்டன், உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டேன். கெளம்பு."

"என்ன வேலை? நான் சும்மா விளையாட வந்தவன்."

"கெளம்புடா!"

"மிஸ் இசில்டா, வேலையில இல்லாதவனை நீக்க முடியாது" என்றேன். "அவன் உங்க வேலைக்காரன்னு இப்ப நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நாங்க எல்லாரும் கேட்டாச்சு."

"நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும், லாயரு. நீ வாயை மூடு. லின்வல், காலையில என்னோட பல் டாக்டர்கிட்ட வா."

எகர்ட்டன் வாசலில் நின்று இன்றைய மீன் என்னாயிற்று என்று கேட்டான். அவர் அவனை நெஞ்சில் கைவைத்து வெளியே தள்ளினார். கதவைச் சாத்தினார். நான் உள்ளே நிற்பதையும் எனக்கு வேலை இருப்பதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. தாழ்ப்பாளைப் போட்டு, சாவியையும் திருப்பினார்.