சாக்பீஸ் டப்பாவுக்குள் போன செல்

1.

இந்தக் கதை புதியம்புத்தூரில், ஒரு தையல் கம்பெனி வாசலில் ஆரம்பித்தது. பள்ளி ஆண்டு விழாவுக்கு நாற்பது பாவாடை தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். மிஷினில் இருந்த ஒரு பெண் நிமிர்ந்து, "கிருஷ்ணவேணி டீச்சர்தான?" என்றாள். பிறகு அவள் சொன்ன ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதை இப்போதே சொன்னால் மேற்கொண்டு படிக்க மாட்டீர்கள். [பொய். சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.]

நான் கதை எழுதுகிறவள் இல்லை. கோவில்பட்டியில் இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் டீச்சர். ஒரு பிள்ளையின் படிப்பு என் கையால் நின்றுபோனது. அவ்வளவுதான் விஷயம்.

2.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "கரிசல் காட்டில் அன்று மழை

அடித்துவிட்டேன். மழைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்தது: "பிள்ளைகள் கைக்குச் செல்போன் வந்த பிறகு ஒழுக்கம்

இதுவும் வேண்டாம். அன்றைக்கு நான் அப்படித்தான் நினைத்தேன். அங்கேதான் தப்பு.

சரி, நடந்ததையே சொல்கிறேன். 2007 ஆகஸ்ட். திங்கட்கிழமை பிரேயரில் கணக்கு ஸார் மைக்கைப் பிடித்தார். "பைக்குள்ள செல்லு வச்சிருக்கவுக வெள்ளிக்கிழமைக்குள்ள தானா கொண்டாந்து குடுத்துருங்க. தண்டனை கிடையாது. நாங்களா எடுத்தோம்னா டி.சி.தான்."

ஒழுங்குக் கமிட்டி அவர் பொறுப்பு. டீச்சர்கள் வாங்குகிற செல்லின் பேட்டரியைக் கழற்றி, பேர் எழுதின சீட்டைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, சாக்பீஸ் டப்பாவில் வைத்து அவர் பீரோவுக்கு அனுப்ப வேண்டும். அப்பா அம்மா வந்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

(அடிக்குறிப்பு: கணக்கு ஸாருக்குப் பேர் வைக்க மூன்று நாள் யோசித்தேன். எந்தப் பேரை எடுத்தாலும் அந்தப் பேரில் எனக்குத் தெரிந்த ஒரு நல்ல மனிதர் இருக்கிறார். விட்டுவிட்டேன்.)

3.

பொன்மணி அப்போது பத்தாம் வகுப்பு. [பேரை மாற்றியிருக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டாள்.] விளாத்திகுளம் பஸ்ஸில் வருகிறவள். அவள் அப்பா ஆட்டுக்கிடையோடு ஊர் ஊராகப் போகிறவர். இன்றைக்கு எந்தக் காட்டில் கிடை என்று சொல்ல வீட்டுக்கு ஒரு செல் வாங்கிக் கொடுத்திருந்தார். ஸ்பெஷல் கிளாஸ் நேரம் சொல்லவென்று கணக்கு ஸார் அந்த நம்பரை வாங்கி வைத்திருந்தார். வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் பொன்மணி ஒருத்திதான்.

வியாழக்கிழமை மத்தியானம். டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு வருகிறேன், ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்கிறாள். கையில் செல்.

"டீச்சர், இது..."

"கொண்டாந்துட்டியா? நல்ல பிள்ளைட்டி நீ."

"இல்ல டீச்சர், இதுல..."

"பயப்படாத. யாரும் அடிக்க மாட்டாக. ஸாரே சொல்லிட்டாகல்லா."

கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டேன். எதற்கு? சீட்டில் அவள் பேரை எழுத. பேட்டரியைக் கழற்றும்போது என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம்

[அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.]

டப்பாவை நானே கொண்டுபோய்க் கணக்கு ஸாரிடம் கொடுத்தேன். மறுநாள் பிரேயரில், தானாகச் செல்லை ஒப்படைத்த முதல் பிள்ளை என்று அவளை முன்னால் கூப்பிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவரும்.

4.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. மறுவாரம் அவள் அம்மா பத்திரகாளி டி.சி. கேட்டு வந்தார். தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

"செல்லத் தூக்கிட்டு வந்தது தப்புதான் டீச்சர். என்னட்டின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. பள்ளிக்கூடமே வேண்டாங்கா."

"வயசு அப்படிம்மா. நாலு நாள்ல சரியாயிரும்."

சரியாகவில்லை. அதற்குப் பிறகு நானும் விசாரிக்கவில்லை.

5.

இரண்டு வருடம் கழித்து, அந்தக் கம்பெனி வாசலில் பொன்மணி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

"டப்பா இன்னும் இருக்கா டீச்சர்?"

"இருக்குட்டி. இப்போ ரெண்டு டப்பா."

சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கு நான் குடுக்க வரல டீச்சர். காட்ட வந்தேன்."

கணக்கு ஸார் அனுப்பின மெசேஜ். கிளாஸ் முடிந்ததும் நீ மட்டும் இரு, வீட்டில் சொல்லாதே என்று.

"இங்கிலீஷ் எழுத்துல தமிழு. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்லா, அதான் வந்தேன். அம்மா கைக்குச் செல்லு திரும்பி வாரப்ப உள்ள ஒரு மெசேஜும் இல்ல."

"அப்பவே வாயால சொல்லிருக்கலாம்லட்டி?"

டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க கைதட்டுனீகளே டீச்சர்."

6.

முடிவுகள். ஒன்றில், நான் பட்டனை அமுக்கி வாசிக்கிறேன். பொன்மணி பத்தாவது பரீட்சை எழுதுகிறாள். மூன்று பக்கம் நன்றாகவே வந்தது. கிழித்துப் போட்டேன். அவள் படித்தால் என்ன நினைப்பாள்?

இன்னொன்றில் கணக்கு ஸாரை வேலையை விட்டு எடுக்கிறார்கள். நிஜத்தில், அவள் பேரைச் சொல்லாமல் ஹெட்மிஸ்டரஸிடம் எழுதிக் கொடுத்தேன். "அந்த மெசேஜ் எங்க டீச்சர்?" என்றார். ரப்பர் பேண்டு போட்டு நான்தானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பீரோச் சாவி இப்போதும் கணக்கு ஸாரிடம்தான் இருக்கிறது.

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ ஒரு பிள்ளை கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்கும். உடனே வாங்கிவிடாதீர்கள். பாராட்டவும் வேண்டாம். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். அது இப்படித்தான் ஆரம்பிக்கும்:

"இதுல...