அத்தையின் கணினி தெரியவில்லை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் நாவலுக்குப் பக்கம் வடிவமைத்துத் தரும் அம்மாளிடம், திருத்தப் பக்கங்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கத்தான் போன் செய்தேன். அவர் மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு நாற்பது நிமிடம் இதைச் சொன்னார். நாவலை மறந்துபோனேன். "இதை எழுதிக்கட்டுமா?" என்றேன்.

"தாராளமா எழுதுங்க. பொய் கலக்காதீங்க."

கொஞ்சம் கலந்திருக்கிறேன். கலந்த இடத்தைச் சொல்லிவிடுவேன்.

2

எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்:

"ஒரே வீட்டில் இருந்தும் அந்த இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை, அங்கே வாழ்ந்த இரண்டு மனிதர்களைப் போலவே, அவர்கள்"

இங்கேயே நிறுத்திவிட்டேன். உவமை வாசலில் வந்து வழி மறித்துக்கொண்டு நின்றால் ஆட்கள் எப்படி உள்ளே வருவார்கள்?

இரண்டாவது தொடக்கம் அந்த அம்மாள் சொன்னதுதான். சத்தத்திலிருந்து.

3

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அத்தையின் கணினிக்குள்ளிருந்து கட், கட் என்று யாரோ நகம் வெட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. (அத்தை என்றுதான் அந்த அம்மாளை எழுதப்போகிறேன். அந்த வீட்டில் அவரை அப்படிக் கூப்பிடும் ஒரே ஆள் அவருடைய மாப்பிள்ளை. அவரும் ஆறு வருடத்தில் பத்துத் தடவை கூப்பிட்டிருந்தால் அதிகம்.)

அத்தை பழுது பார்க்கும் கடைக்குப் போன் போட்டார். ரிசீவரைக் கணினிப் பக்கம் நீட்டிச் சத்தத்தைக் கேட்க வைத்தார்.

"ஹார்ட் டிஸ்க் போகப்போகுதும்மா. தயவுசெஞ்சு அணைச்சுடாதீங்க. அணைச்சா மறுபடி எழுந்திருக்குமான்னு சொல்ல முடியாது. உள்ள இருக்கிறதையெல்லாம் இப்பவே வேற கணினிக்கு மாத்திடுங்க."

உள்ளே இருந்தது இருபத்திரண்டு வருட உழைப்பு. அச்சுக்குப் போகவேண்டிய மூன்று புத்தகங்கள், அதில் ஒன்று என்னுடையது. பென்டிரைவ் செருகும் துளைகள் எப்போதோ ஆட்டம் கண்டுவிட்டன. இணையத்தில் ஏற்றலாம் என்றால், இருக்கிற வேகத்துக்கு நாலு நாள் ஆகும். மகள் அலுவலகப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். வகுப்பு முடிகிற வரை, அதாவது சாயங்காலம் ஐந்து மணி வரை, போன் அணைந்திருக்கும்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. அடுத்த அறையில் மாப்பிள்ளையின் கணினி. அவருக்கு அன்றைக்கு வார விடுமுறை.

இருவருக்கும் சண்டை எதுவும் கிடையாது. பேச்சுதான் கிடையாது. மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைக்கு இன்னொரு டம்ளர் காபி வேண்டுமா என்று அத்தை மகளிடம் கேட்பார். போதும் என்று அவர் மனைவியிடம் சொல்வார். வண்டி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அத்தை கதவைத் தட்டினார்.

"மாப்பிள்ளை... ஒரு நிமிஷம் வர முடியுமா?"

4

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பழுது பார்க்கும் கதையில் பழுது பார்ப்பவரையே மாப்பிள்ளையாக வைத்தால் வசதிக்காகச் செய்ததாகத் தெரியாதா? அத்தையிடம் கேட்டேன். "நிஜத்துல அவர் லிஃப்ட் மெக்கானிக்தான். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார்.

மாப்பிள்ளை வந்தார். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். தன் அறைக்குப் போய்த் திரையைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"உங்க கணினி இங்க தெரியலை அத்தை."

"அப்ப முடியாதா?"

"இருங்க. லிஃப்ட் நின்னா உடனே மோட்டாரைப் பிரிக்க மாட்டோம். முதல்ல கதவு சரியா மூடியிருக்கான்னு பார்ப்போம்."

கூடத்தில் இருந்த வைஃபை பெட்டியைப் பார்த்தார். இரண்டு கணினியும் அதில்தான் சேர்ந்திருந்தன. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, வைஃபையில் அத்தையின் கணினிக்கு இருந்த எண்ணைத் தட்டினார். நாலு வரி பதில் வந்தது. "உயிரோடதான் இருக்கு. கூப்பிட்டா ஏன்னு கேக்குது. ஆனா முகம் காட்ட மாட்டேங்குது."

அத்தையின் கணினியில் அமைப்புகளைத் திறந்தபோது காரணம் அகப்பட்டது. வீட்டு இணைப்பைப் பொது இடத்து இணைப்பு என்று யாரோ, எப்போதோ, குறித்து வைத்திருந்தார்கள். பேருந்து நிலையத்தில் இருப்பதாக நினைத்து அது இத்தனை வருடமாகத் தன்னை மறைத்துக்கொண்டிருந்தது. 'தனி இணைப்பு' என்று மாற்றினார். அத்தையின் கோப்புகள் இருந்த இடத்தைப் பகிர்வுக்குத் திறந்துவிட்டார்.

இப்போது பெயர் தெரிந்தது. சொடுக்கினால் பாஸ்வேர்ட் கேட்டது.

"பாஸ்வேர்டே வச்சதில்லையே மாப்பிள்ளை."

"அதனாலதான் விட மாட்டேங்குது. ஒண்ணு வச்சுடுங்க."

அத்தை வைத்தார். மாப்பிள்ளையின் அறைக்கு வந்து அதையே அடித்தார். மாப்பிள்ளை மரியாதையாகச் சுவரைப் பார்த்து நின்றார். தவறு என்றது. மறுபடி அடித்தார். தவறு. அடுத்த அறையில் கட், கட், கட். சத்தம் நெருங்கி நெருங்கி வர ஆரம்பித்திருந்தது.

"அத்தை, வைக்கும்போது விசைப்பலகை எந்த மொழியில இருந்துச்சு?"

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். நாள் முழுக்கத் தமிழில் அடிக்கிற கணினி அது. அங்கே விழுந்தது வேறு எழுத்து, இங்கே விழுவது வேறு எழுத்து. ஓடிப்போய் மாற்றினார். இந்த முறை திறந்தது.

மாப்பிள்ளை சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். அத்தை அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாராம்.

5

வரிசையாக ஃபோல்டர்கள். டிஸ்க் எந்த நிமிடமும் நிற்கலாம் என்பதால் மொத்தமாக இழுக்க வேண்டாம், ஒவ்வொன்றாக எடுக்கலாம் என்றார் மாப்பிள்ளை. "எது முதல்ல?"

அத்தை சொல்லச் சொல்ல எடுத்தார். மூன்று புத்தகங்கள். பிறகு பழைய புத்தகங்கள், பள்ளிப் பாடநூல்கள், எழுத்துருக்கள். பசி தெரியாமல் இரண்டரை மணி ஆனது. கடைசியில் ஒன்று மிஞ்சியது.

"என் பேர்ல ஒண்ணு இருக்கே அத்தை."

'மாப்பிள்ளை' என்று இருந்தது அந்த ஃபோல்டரின் பெயர்.

அத்தைக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது. கல்யாணத்துக்கு முந்தின மாதம், மகளுக்குக் கொடுக்க என்று அத்தை ஒரு பட்டியல் தயாரித்திருந்தார். இந்த ஆளை ஏன் கட்டக்கூடாது என்பதற்குப் பதினொரு காரணங்கள், அழகாகக் கட்டம் போட்டு. நான்காவது: ஒரு கேள்விக்கு ஒரு சொல்லுக்கு மேல் பதில் வருவதில்லை. ஏழாவது: சட்டைக் கையில் எப்போதும் கிரீஸ். ஒன்பதாவது: என் பெண்ணைச் சிரிக்கவைக்க இவரால் ஆகாது. கொடுக்கத் துணிவில்லாமல் விட்டுவிட்டார்.

(ஏழாவது காரணம் நான் கலந்தது.)

6

இந்த இடத்தை வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். அதில் மாப்பிள்ளை பட்டியலைத் திறக்கிறார். அத்தை ஆறு வருடத்தில் ஒவ்வொரு காரணமாக அடித்துக்கொண்டே வந்திருக்கிறார், ஒரே ஒரு வரிதான் அடிபடாமல் இருக்கிறது, அதைப் பார்த்து இருவர் கண்ணும்

வேண்டாம். ரொம்பத் தித்திப்பு. ஒரு வரியும் அடிபடவில்லை. பதினொன்றும் பதினொன்றாகவே இருந்தன.

7

"இதை எடுக்கணுமா, விட்டுடலாமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை. விட்டுவிட்டால் டிஸ்க்கோடு சேர்ந்து அதுவும் ஒழிந்துபோகும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அதையும் எடுத்துடுங்க" என்றார் அத்தை.

நான் போனில் கத்தியே விட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"வேண்டாம்னு சொன்னா, உள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சுடாதா?"

ஒரே கோப்பு. ஒரு நொடியில் வந்துவிட்டது. மாப்பிள்ளை அதைத் திறக்கவில்லை. எழுந்துபோய் இரண்டு தட்டில் சோறு போட்டு எடுத்துவந்தார். மகள் இல்லாமல் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உப்பு சரியாக இருக்கிறதா என்று அத்தை நேராக அவரிடமே கேட்டார். "கொஞ்சம் கூட அத்தை. ஆனா பரவாயில்லை" என்றார். ஐந்து சொல்.

மறுநாள் காலை டிஸ்க் நின்றது. அதன்பின் எழுந்திருக்கவில்லை.

8

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. அத்தை புதுக் கணினி வாங்கும்வரை மாப்பிள்ளையின் கணினியில்தான் வேலை செய்கிறார். அந்த ஃபோல்டர் அங்கேயே இருக்கிறது. மாப்பிள்ளை அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. முன்பைவிட இரண்டு வார்த்தை கூடப் பேசுகிறார், அவ்வளவுதான். படித்துவிட்டுப் பேசுகிறாரா, படிக்காமல் பேசுகிறாரா?

"கடைசியா எப்ப திறந்ததுன்னு கணினியே காட்டுமாமே, பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"பார்க்கலாம். ரெண்டு தட்டு தட்டினா போதும்."

"பார்த்தீங்களா?"

"உங்க நாவல்ல நூற்றுப் பத்தாம் பக்கத்துல ஒரு வரி விட்டுப்போயிருக்கு. அதைச் சொல்லுங்க முதல்ல."

வரியைச் சொன்னேன். அத்தை அடித்துக்கொண்டார். விசைகளின் சத்தம் போனில் கேட்டது. பிறகு அது நின்றது. மாப்பிள்ளை வேலை முடிந்து வந்துவிட்டார்போல. கதவுச் சத்தம், செருப்பு கழற்றும் சத்தம், "என்ன அத்தை, இன்னும் எழுந்திருக்கலையா?" என்ற குரல்.

"வைக்கிறேன்" என்று அத்தை வைத்துவிட்டார்.

எனக்கு இதற்கு மேல் தெரியாது, ஊகித்து எழுதவும் மனம் வரவில்லை. அத்தையின் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். வீட்டில் யாரும் இல்லை. அந்த ஃபோல்டர் திரையில் இருக்கிறது. தேதியைப் பார்ப்பீர்களா?