பஞ்சாலையின் கதவு

மலாயாவில், பெடாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கூலிகளின் லயத்துக் கதவுகளையெல்லாம் கழற்றி, ஜப்பான்காரன் முகாமுக்கு விறகாகக் கொடுத்தவன், கூலிகளைப் பிரம்போடு மேய்க்கும் மண்டோர் மாயாண்டி. பஞ்சாலையின் புருஷன் அர்ச்சுனனை, போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக் கொடுத்தவனும் அவன்தான். இப்போது கதவில்லாத அவள் வீட்டு வாசலில், பொழுது சாய்ந்தால் அரிசிப் பொட்டலத்தோடு வந்து நிற்கிறான். இரண்டு தரம் விளக்குமாற்றால் விரட்டினாள். மூன்றாம் தரம் விரட்டியபோது சிரித்துக்கொண்டே போனான்.

வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் அனுப்பும் மரப்பெட்டி அடித்த கை அவளுடையது. மூடிக் கிடந்த ஸ்டோரிலிருந்து பெட்டிப் பலகைகளைப் பெயர்த்து வந்தாள். எல்லாம் மெல்லிசுப் பலகை. ஓரங்களைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, அன்றைக்குத் தின்ன வைத்திருந்த மரவள்ளி மாவைப் பசையாகக் காய்ச்சி ஒட்டினாள். ஒவ்வொன்றும் பாதிக் கதவாக இரண்டு துண்டுகள் காய்ந்துவிட்டன. இரண்டையும் சேர்க்கும் கடைசி ஒட்டுத்தான் பாக்கி.

இறுக்கிப் பிடிக்க இரும்புக் கருவிக்கு எங்கே போவது? மண் தரையில் இரண்டு சட்டங்களை முளையடித்து நிறுத்தினாள். நடுவில் பலகைகளின் அகலத்தைவிட ஒரு நூலளவு குறைவாக இடம் விட்டாள். துண்டுகளை உள்ளே வைத்ததும் பசை தடவிய ஓரங்கள் கூரை முகடுபோல் தூக்கி நின்றன. அதை அமுக்கிப் படிய வைத்தால் சட்டங்களே நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். ஏறி நின்றாள். படியவில்லை. சோறு கண்டு மாதக்கணக்கான உடம்பில் கனம் ஏது? அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"யாரக் கேட்டு பலகைய எடுத்த? கதவு கேக்குதோ ஒனக்கு?" வாசலில் மாயாண்டி.

உள்ளே வந்தவன், உடைந்து போகட்டும் என்று பூட்ஸ் காலால் முகட்டின் மேல் ஓங்கி மிதித்தான். டப்பென்று பலகை தரையோடு படிந்தது. ஒட்டு இறுகிப் பசை கோடாகப் பிதுங்கியது. பிரம்பு பிடித்தே வயிறு வளர்த்த தடியனுக்குப் பெட்டி வேலை என்ன தெரியும்!

"முடிஞ்சிருச்சுலா ஒன் கதவு" என்று, உடைத்துவிட்ட நினைப்பில் துப்பிவிட்டுப் போனான். பஞ்சாலை அம்மிக் கல்லை உருட்டி வந்து பலகைமேல் ஏற்றினாள்.

மறுநாள் சாயங்காலம் வந்து, வாசலில் நின்ற கதவைத் தள்ளிய மாயாண்டி திகைத்தான். குறுக்குச் சட்டம் அடித்து, கம்பியால் நிலையோடு கட்டி, உள்ளே தாழும் போட்டிருந்தாள்.

"தொறடி! இல்லாட்டி சயாம் லிஸ்டுல ஒன் பேரயும் எழுதிப்புடுவேன்!"

லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். உள்ளேயிருந்து பஞ்சாலை கத்தினாள்.

"எழுதுடா! போயி, எம்புருசன் உசுரோட இருக்கானா இல்லையான்னாவது பாத்துக்கிறேன்!"