இரண்டு தடவை உப்பு போட்ட கூழ்

உப்பு வாரிக்கொண்டிருந்த ஜெயசீலன் பலகையைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்தபடி வரப்பில் உட்கார்ந்தான். அப்படியே சரிந்தான். ஆம்புலன்ஸ் உப்பளத்துக்குள் வர வழியில்லை. மழையில் பாதை சேறாகிக் கிடந்தது. அவன் மகள் பூவிழி வழிகாட்ட ரோட்டுக்கு ஓடினாள். நான் 108-க்குப் போட்ட போனில் பேசிய பெண், "தூங்க விடாதீங்க, பேசிக்கிட்டே இருங்க" என்றாள்.

இவனிடம் என்ன பேசுவது? பட்டாளத்தில் ஒன்றாகக் கிடந்த நாளிலிருந்தே வாயைத் திறந்தால் சண்டைதான். ஆனால் கார்கில் கதையை நான் தப்பாகச் சொன்னால் இவனால் சும்மா இருக்க முடியாது. கல்யாண வீட்டிலும் பாதியில் புகுந்து திருத்தி என் மானத்தை வாங்குவான்.

"டேய் சீலா, சண்டையப்போ மலை மேல ஆடிக்கூழ் ஊத்தினோமே. வெள்ளிக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை" என்றான், கண்ணைத் திறக்காமல்.

எனக்கு உயிர் வந்தது. "மாவு எங்கம்மா குடுத்தனுப்பினது."

"எங்கம்மாடா… புளுகாத."

ஆமாம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியது சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர் வீட்டுக் கேழ்வரகு மாவில்தான். பனிக்கட்டியை உருக்கிக் காய்ச்சினோம். வேப்பிலைக்கு எங்கே போவது? ஏதோ ஒரு முள்செடியைக் கட்டினோம். ஜெயசீலன் மண்ணெண்ணெய் டின்னில் அடித்த அடிக்கு, தமிழே தெரியாத சுபேதார் சாமியாடினார். எல்லாம் சரி, உப்பில்தான் கெட்டது. எங்கள் பக்கத்து ஆட்கள் உப்பை அடுத்தவன் கையில் விட மாட்டார்கள். வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுபோயிருந்தோம். இவனுக்கு என்ன அளவு தெரியும் என்று நானும், எனக்கு என்ன தெரியும் என்று அவனும் தனித்தனியாகப் போட்டுவிட்டோம். ஒரு வாய் குடித்த சுபேதார், "கடலோரம்னு சொன்னீங்க, கடலையே கொண்டாந்துட்டீங்களா?" என்று இந்தியில் கேட்டார். அந்தப் பக்கம் குண்டு விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

"குண்டு விழுந்ததும் நீதான்டா மொதல்ல பதுங்கின."

"நீ…" என்றான். அதற்கு மேல் வரவில்லை. அவன் கை ஜில்லென்று இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. மலை மேல்கூட இப்படிப் பயந்ததில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பொய். இத்தனை வருடத்தில் அதை நான் சொல்லி அவன் திருத்தாமல் விட்டதே இல்லை.

"கூழ்ல உப்பு சரியாத்தான்டா இருந்துச்சு."

அவன் தோளை உலுக்கினேன்.

"சீலா, உப்பு சரியா இருந்துச்சுன்றேன். கேக்குதா?"

மூச்சைப் பார்த்தேன். இல்லை. பட்டாளத்தில் கற்றுக்கொடுத்தபடி இரண்டு கையாலும் அவன் நெஞ்சை அழுத்தினேன். அழுத்த அழுத்த அதையே சொன்னேன். பூவிழிக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சரோடு சேற்றில் ஓடிவந்தவர்கள் என்னை விலக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். ரொம்ப நேரம் அழுத்தினார்கள். பிறகு அவர்களில் ஒருவர் பூவிழியைப் பார்த்து இல்லை என்று தலையை அசைத்தார்.

நான் விடவில்லை. "உப்பு சரியாத்தான் இருந்துச்சு! இல்லன்னு சொல்லுடா!" என்று கத்தினேன்.

அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த பெண் பூவிழி. அப்பாவின் காலருகே மண்டியிட்டு என் கையைப் பிடித்தாள்.

"இல்ல பெரியப்பா," என்றாள் அழுதுகொண்டே. "கரிச்சுது."