நந்திதாவுக்குப் பார்த்த ஓட்டல்

தீனாவுக்கு ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. அந்த வருஷம் நன்றாக உழைத்தவர்களைக் குடும்பத்தோடு காஷ்மீரிலுள்ள குல்மார்குக்குப் பனிச்சறுக்கு ஆட அனுப்புவதாகக் கம்பெனி சொன்னது. இரண்டு பெரிய ஓட்டல்களில் ஒன்றை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி நந்திதா திருப்பதியிலிருந்து விஜயபுரத்துக்குப் பஸ் ஏறி வந்தாள். அங்கே தீனாவின் அண்ணி தாட்சாயணி இங்கிலீஷ் டீச்சர்.

"நீயே படிச்சிப் பாத்து சொல்லுக்கா. போட்டோல ரெண்டும் ஒரே மாதிரி கீது," என்று போனை நீட்டினாள்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வெள்ளை மலை. ஆவி பறக்கும் நீச்சல் குளம். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் கணவன் கோவர்த்தனன் தாட்சாயணியைச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனது பக்கத்திலிருக்கும் சந்திரகிரிக் கோட்டைக்கு மட்டும்தான். அதுவும் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில். இந்த நந்திதாவோ இன்டர்கூட, பன்னிரண்டாவதுகூட, முடிக்காதவள்.

அங்கே தங்கியவர்கள் இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தாட்சாயணி படித்தாள். முதல் ஓட்டலில் கதவைத் திறந்தால் சறுக்குமிடம். இரண்டாவதில் அதற்கு முக்கால் மணி நேரம் வேனில் போக வேண்டும். அங்கே அறை ஹீட்டர்களும் அடிக்கடி நின்றுவிடுகின்றன.

"ரெண்டாவதை எடு. கூட்டம் இருக்காது," என்றாள்.

"ரூம் சூடா இருக்குமாக்கா? தரணிக்கு உடனே சளி புடிச்சிக்கும்."

நந்திதாவின் மகள் தரணிக்கு ஆறு வயது. தாட்சாயணி போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இருக்கும்."

நந்திதா அங்கேயே உட்கார்ந்து கம்பெனிக்குச் சொல்லிவிட்டாள்.

அதன்பின் குழந்தையின் நினைப்பு தாட்சாயணியை உறுத்தியது. ஒருநாள் உண்மையைச் சொல்லிவிடப் போனை எடுத்தாள். நந்திதா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பனிக்கு வாங்கிய புது பூட்ஸின் படத்தை வைத்திருந்தாள். தாட்சாயணி போனைக் கீழே வைத்துவிட்டாள்.

ஜனவரியில் குல்மார்கிலிருந்து நந்திதாவின் வீடியோ கால் வந்தது.

"மொத நாளே ஹீட்டர் நின்னுட்சிக்கா."

தாட்சாயணி அவசரமாகக் கேட்டாள்: "தரணி எப்படி இருக்கா?"

"நல்லா கீறா. கொழந்தை கீதுன்னு மேனேஜரு மேல் மாடில இருக்கிற பெரிய ரூமையே குடுத்துட்டாரு. நாலு பக்கமும் கண்ணாடி, உள்ள கதகதன்னு கீது. வேணும்னு கேட்டாகூட கெடைக்காது. எல்லாம் நீ சொன்னதாலதான்."

திரையில் தரணி சறுக்கி விழுந்து சிரித்தாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதி தாட்சாயணிக்கு ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

கோவர்த்தனன் வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து வந்தான். "என்னா சொல்றாங்க?"

"ரொம்பக் குளிராம். ஹீட்டர்கூட இல்லியாம்."

"அடப் பாவமே. கொழந்தைய வேற இட்டுகினு போயிருக்கான்," என்று தன் போனில் தம்பியைக் கூப்பிட்டான். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். போனை வைத்ததும் கேட்டான்: "நல்லா கீறாங்களாமே. ஏன் அப்படிச் சொன்ன?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது நல்ல ஓட்டல் இல்லன்னு தெரிஞ்சேதான் எடுக்கச் சொன்னேன். எனக்குப் பொறுக்கல."

அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். அவள் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும், "நந்திதாகிட்ட இத சொல்லிடாத," என்றான்.